கிணற்று நீரும் நம் எழுத்தும்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழரின் வாழ்வைத் தமிழகத்து நவீன எழுத்து ஊன்றி நோக்கிய தொடக்ககால முயற்சிகளுள் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தலையாயது. 1935ஆம் ஆண்டு ‘மணிக்கொடி’யில் வெளிவந்த அக்கதை தன் தலைப்பைப் பாரதியாரிடமிருந்து பெற்றது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய இந்துப் பெண்களை நினைந்து பாடிய பாரதியார் துன்பத்தை ஒரு கேணியாகக் கண்டார். புதுமைப்பித்தன் அந்தக் கேணியை இலங்கை மலைகளுக்குக் கொண்டுவந்து, மருதி என்னும் பெண்ணை அதனுள் இறக்கினார். அவர் படைத்த தோட்டத்துக்கு ‘வாட்டர் பாலம்’ என்று பெயர். அருவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்று அப்பெயரின் ஒலியில் நம் காதில் விழாமலில்லை.

அங்கே கேணி ஓர் உருவகம். ஆழம், இருள், ஏறிவர முடியாமை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய வலிமையான உருவகம். இக்கட்டுரையில் நாம் உருவகத்தைச் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டுக் கேணியையே எட்டிப் பார்க்க விரும்புகிறோம். மலையகத்து மனிதன் அன்றாடம் குடிக்கும் நீர் எத்தகையது? அதனை யார் சோதித்தார்? சோதனையின் முடிவு யாருடைய அலுமாரியில் இருக்கிறது? அது எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது? இவை சுகாதாரப் பகுதியினர் கவலைப்பட வேண்டியவை, இலக்கிய விமர்சனத்துக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அந்த முகச்சுளிப்பே விமர்சனத்துக்குரியது என்பது நம் கட்சி.

தண்ணீரைப் பற்றித் தமிழ் எழுத்து பேசாமலில்லை. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973இல் நூலாயிற்று. சென்னைப் பெருநகரின் ஒரு தெருவில் குடத்தோடு அலையும் பெண்களின் வாழ்வை, ஆரவாரம் சிறிதுமின்றி, அந்நாவல் நம் முன் வைத்தது. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறியது. வறண்ட கிராமமொன்றின் தாகத்தையும் அதனைச் சுற்றி நிகழும் அரசியலையும் காட்டியது. ஈழத்தில் கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையில் கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்ட மக்களே அவர் எழுத்தின் நாயகர். 1927இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் நீர் அள்ளியபோது எழுந்த கேள்வியும் டானியலின் கேள்வியும் ஒன்றே.

இப்படைப்புகளை ஒருங்கே வைத்து நோக்கினால் இரண்டு கேள்விகள் புலப்படுகின்றன. தண்ணீர் இருக்கிறதா என்பது ஒன்று. இருக்கும் தண்ணீரை அள்ள யாருக்கு உரிமை உண்டு என்பது மற்றொன்று. முதலாவது பற்றாக்குறையின் கேள்வி; இரண்டாவது சமத்துவத்தின் கேள்வி. இவ்விரண்டையும் தமிழ் எழுத்து வீறுடன் எழுப்பியிருக்கிறது. அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அள்ளிய தண்ணீரில் என்ன இருக்கிறது? நம் எழுத்தாளர்கள் இக்கேள்வியின் வாயிலில் சற்றே நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

மலையக இலக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சி. வி. வேலுப்பிள்ளையும் என். எஸ். எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் நமக்குத் தந்த உலகம் உண்மையான உலகம். ஜோசப் ஊவா மண்ணில் பிறந்தவர். பதுளைத் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரின் முன்னே தாங்கியவர். அவருடைய ‘மீன்கள்’ கதை, ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் அடைபட்டுக் கிடப்பதன் அவமானத்தை நாம் மறக்க முடியாதபடி சொல்லிற்று. இடநெருக்கடி என்னும் வெறுஞ் சொல் அக்கதையில் இரத்தமும் சதையுமாகிறது. இதே கூர்மையோடு லயத்துத் தண்ணீரை நம் எழுத்து சொல்லியிருக்கிறதா? பீலி நம் கதைகளில் அடிக்கடி வரத்தான் செய்கிறது. பெண்கள் அங்கே கூடுகிறார்கள், வம்பு பேசுகிறார்கள், குடத்துக்காகச் சண்டையிடுகிறார்கள், காதலும் அங்கேதான் அரும்புகிறது. பீலி சந்திப்பு இடமாக வருகிறது. பீலியிலிருந்து விழும் நீர் கதைக்குள் வருவதில்லை.

இது ஏன் நேர்ந்தது? மூன்று காரணங்கள் நமக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, பண்பாட்டுத் தயக்கம். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் முதுமொழி. நீரின் அருமையை உணர்ந்த மக்களின் வாயில் பிறந்த சொல் அது. அதனை நாம் மதிக்கிறோம். ஆயினும் சோதிப்பது பழிப்பது ஆகாது. தாய் நோயுற்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். நாடி பார்க்கும் மருத்துவர் தாயைப் பழித்தவர் ஆவாரா? தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதும் அத்தகையதே.

இரண்டாவது, மலையைப் பற்றிய மயக்கம். மலைநீர் என்றால் தூய நீர், பளிங்கு நீர், அமுத நீர் என்றெழுதும் வழக்கம் சமவெளியிலிருந்து வந்த எழுத்தாளர்களிடம் மட்டுமன்று, மலையிலேயே பிறந்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. சுற்றுலாக்காரருக்காக எழுதப்படும் வழிகாட்டி வசனம் இம்மயக்கத்தை இன்று வியாபாரமாக்கிவிட்டது. ஆனால் கண்ணுக்குத் தெளிவது வேறு, உடலுக்குத் தூயது வேறு. 1854இல் இலண்டன் நகரின் சோகோ பகுதியில் கொலரா பரவியபோது, ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர் புரோட் வீதியின் நீரிறைக்கும் குழாயே நோயின் ஊற்றெனக் கண்டறிந்தார். அக்கிணற்று நீர் சுவையாக இருக்கிறதென்று, தொலைவில் குடியிருந்த விதவை ஒருவர் அதனை வருவித்துக் குடித்து உயிரிழந்த செய்தியும் அவருடைய ஆய்வில் ஒரு சான்றாயிற்று. நாவின் தீர்ப்பு பிழைத்தது. ஸ்நோ வீடு வீடாக ஏறி எடுத்த கணக்கு பிழைக்கவில்லை. நம் கவிஞர்கள் பளிங்கு நீர் என்றெழுதும்போது அந்தக் குழாயைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணமே மிகவும் பொல்லாதது. தண்ணீரின் தரம் ஒரு தொழில்நுட்ப விடயம், அது அதிகாரிகளின் வேலை, எழுத்தாளனுக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை என்னும் எண்ணம் அது. இவ்வெண்ணத்தின் பிழையை எல்ல என்னும் ஊரை வைத்தே விளக்கலாம்.

எல்ல என்பது சிங்களத்தில் அருவி. நீரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர். இராவணன் பெயரால் வழங்கும் அருவியையும், 1921இல் கட்டி முடிந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும் காண உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்களுக்காக விடுதிகள் சரிவெங்கும் எழுந்துள்ளன. ஒவ்வொரு விடுதிக்கும் கழிவுக் குழி வேண்டும். மேட்டிலுள்ள குழியிலிருந்து கசிவது பள்ளத்திலுள்ள கிணற்றை நோக்கித்தானே வரும்? விடுதி மேடையில் அமர்ந்து அருவியின் அழகை எழுதுபவர், சரிவின் அடியில் வாளி இறக்கும் வீட்டுக்காரியை எழுதவில்லையெனில் அவர் காட்சியின் மேற்பாதியைத்தான் எழுதியிருக்கிறார்.

இம்மலைகளின் அடியில் இருப்பது பன்னெடுங்காலத்துப் பாறை. மணற்படுகையைப் போல் நீரை மெல்ல வடிகட்டித் தரும் இயல்பு அதற்கில்லை. மேலே உதிர்ந்த பாறைமண் ஒரு போர்வை. அதன் கீழே வெடிப்புகளும் பிளவுகளும். மழைநீர் போர்வையில் ஊறி, பிளவுகளில் ஓடி, எங்கோ ஓரிடத்தில் ஊற்றாகவோ கிணறாகவோ வெளிப்படுகிறது. பிளவின் வழியே நீர் விரைந்து ஓடும். அதனோடு அழுக்கும் விரைந்து ஓடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே ஐம்பது அடி இருந்தால் போதும் என்னும் பொது விதி இத்தகைய சரிவிலும் பாறையிலும் முழுக்காவல் ஆகாது.

இனி லயத்துக்கு வருவோம். மேட்டிலுள்ள ஊற்றுக்கண்ணிலிருந்து குழாய், குழாயிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து லயத்துப் பீலி. ஊற்றுக்கு மேலேயும் தேயிலைதான். தேயிலைக்கு நைதரசன் உரம் இடுகிறார்கள். களைக்கும் பூச்சிக்கும் மருந்து தெளிக்கிறார்கள். மழை பெய்தால் உரத்தின் ஒரு பங்கு வேருக்குப் போகாமல் நிலத்தடி நீருக்குப் போகிறது. தொட்டியின் மூடி உடைந்திருந்தால் சருகும் பூச்சியும் அதனுள் விழுகின்றன. மேட்டு லயத்தின் மலக்குழி பள்ளத்து லயத்தின் ஊற்றுக்கு மேலே இருக்கலாம். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள்; ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் சோதனை தேவைப்படுகிறது.

சோதனை என்பது மந்திரமன்று. மனித, விலங்கு மலத்தின் அடையாளமான ஈ கோலி என்னும் பற்றீரியா 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஒன்றேனும் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டின் குடிநீர்த் தரநிர்ணயமும் ஒப்பும் விதி. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது; மேற்பட்டால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும். புளோரைட்டுக்கு உலக நிறுவனம் விதித்த எல்லை 1.5 மில்லிகிராம், வெப்ப நாட்டில் மக்கள் மிகுதியாக நீர் அருந்துவர் என்பதனால் இலங்கை அதனை 1.0 எனக் குறைத்தது. ஊவாவின் தாழ்நிலமான மொனராகலைப் பகுதியில் பிள்ளைகளின் பற்களிற் காணும் பழுப்புக் கறைக்கு இந்தப் புளோரைட்டே காரணம். ஒரே மாகாணத்தில் மேட்டு நிலத்துக் கிணற்றுக்கு ஒரு நோய். தாழ்நிலத்துக் கிணற்றுக்கு வேறொரு நோய். ‘கெட்ட தண்ணீர்’ என்று பொதுப்பட எழுதும் எழுத்துக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

இவ்விடத்தில் நம் முற்போக்குக் கதைகளின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்துக் குழந்தை காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டு இறக்கிறது, தாய் அலறுகிறாள், துரை பங்களாவில் விளக்கு எரிகிறது, கதை முடிகிறது. வாசகன் உள்ளத்தில் சினம் எழுகிறது. நல்லது. ஆனால் அச்சினம் எங்கே போகும்? குழந்தையைக் கொன்றது எது? மூடியில்லாத தொட்டியா? மேட்டிலிருந்த குழியா? சோதிக்க அனுப்பாத நிர்வாகமா? சோதித்தும் முடிவைச் சொல்லாத அலுவலகமா? காரணத்தின் சங்கிலியைக் காட்டாத கதையில் துரையும் விதியும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றனர். விதியை எதிர்த்து யாரும் சங்கம் அமைப்பதில்லை. யதார்த்தவாதம் என்பது துன்பத்தை அப்படியே படம் பிடிப்பதோடு முடிவதன்று. துன்பம் உற்பத்தியாகும் முறையையும் அது காட்ட வேண்டும். தோட்டத்துக் குழந்தையின் மரணம் எந்தக் குழாயின் வழியே வந்தது என்று அறிந்து எழுதும் எழுத்தே போராட்டத்துக்கு முகவரி தரும் எழுத்து.

‘கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்று சுவரொட்டிகள் சொல்லுகின்றன. பிழையான அறிவுரை அன்று; கொதி கிருமியைக் கொல்லும். ஆனால் இந்த மூன்று சொல் வாக்கியத்தை ஒரு விமர்சகனின் கண்கொண்டு வாசித்துப் பாருங்கள். அதன் எழுவாய் யார்? பகல் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவை முடித்து, பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணே அவ்வாக்கியத்தின் மறைந்த எழுவாய். விறகு அவள் பொறுக்க வேண்டும். அடுப்பு அவள் மூட்ட வேண்டும். புகையை அவள் விழுங்க வேண்டும். ஊற்றைப் பாதுகாக்க வேண்டியவரின் கடமை, ஒரு வினைமுற்றின் வழியே, அவள் தலைமேல் மாற்றி வைக்கப்படுகிறது. அன்றியும் நைத்திரேற்றைக் கொதி நீக்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நீரில் இருப்பது கிருமியா உரமா என்று சோதித்துச் சொல்லாமல் கொதிக்க வைக்கச் சொல்லுவது, நோயைக் கேளாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் அண்மையில் நிகழ்ந்த ஒன்றை இனி நோக்குவோம். மகாவலியின் கிளையாறாகிய உமா ஓயாவின் நீரில் ஒரு பங்கை, மலையைக் குடைந்து, தென்கிழக்கின் வறண்ட நிலத்துக்குத் திருப்புவதும், வழியில் 120 மெகாவாற்று மின்சாரம் எடுப்பதும் உமா ஓயாத் திட்டத்தின் நோக்கம். புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகள். மலையினுள்ளே சுமார் 15 கிலோமீற்றர் நீளத்தில் தலைமைச் சுரங்கம். 2014 டிசம்பரில் சுரங்கத்தினுள் நீர் பெருக்கெடுத்தது. பாறைப் பிளவுகளில் காலங்காலமாகத் தங்கியிருந்த நிலத்தடி நீர் சுரங்கத்தை வடிகாலாக்கி வெளியேறிற்று. மேலே ஹீல்ஓயா முதலிய ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, நீர் நீங்கிய மண் இறுகி அமிழ, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பின்னர் மீண்டும் கசிவு ஏற்பட்டது. 2017 ஜூன் இறுதியில் பண்டாரவளை நகரில் மக்கள் பெருந்திரளாக வீதியில் இறங்கினர். 2024 ஏப்ரல் 24ஆம் நாள் திட்டம் திறந்து வைக்கப்பட்டது.

வறண்ட நிலத்து விவசாயிக்கு நீர் தேவை. நாட்டுக்கு மின்சாரம் தேவை. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் அனுபவத்திலிருந்து ஒரு பாடம் கற்க வேண்டும். கிணறு வற்றியது என்று ஒருவர் முறையிட்டால், முன்பு அதில் எத்தனை அடி நீர் நின்றது, கோடையில் எவ்வளவு குறையும், அதன் தன்மை எத்தகையது என்று கேட்பார்கள். பாட்டன் காலத்திலிருந்து வற்றாத கிணறு என்பது வீட்டுக்காரரின் விடை. உண்மையான விடைதான், ஆயினும் அலுவலக மேசையில் அது விடையாக ஏற்றுக்கொள்ளப்படுவது அரிது. நீரின் நிலையையும் தரத்தையும் ஆண்டுதோறும் குறித்து வைத்த ஒரு கொப்பி அவர் கையில் இருந்திருந்தால், பேச்சு வேறு விதமாக அமைந்திருக்கும். நாளைய இழப்பை நிறுவுவதற்கு இன்றைய அளவே சாட்சி. சோதனை என்பது உடல்நலத்துக்கு மட்டும் உரியதன்று, உரிமைக்கும் உரியது என்பதை இந்த ஊர்கள் கற்பித்துள்ளன.

லயத்து மக்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. கிணற்றுக்கு உரிமையாளர் என்று சொல்லிக்கொள்ள ஹீல்ஓயாவின் சிறு விவசாயிக்கு ஒரு துண்டு நிலமாவது உண்டு. தோட்டத்து ஊற்று யாருக்குச் சொந்தம்? நிலம் அரசினுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளின் கையில், தண்ணீரைக் குடிப்பவர் இரண்டிலும் பங்கில்லாத தொழிலாளி. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவை செய்யச் சட்டமே தடையாக நின்ற காலம் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2018இல் திருத்தம் வந்த பின்னரே அத்தடை நீங்கியது. வாக்குச் சீட்டில் தன் பெயரைக் காண நெடுங்காலம் காத்திருந்த சமூகம், சோதனை அறிக்கையில் தன் பீலியின் பெயரைக் காண இன்னும் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

சோதித்துவிட்டால் மட்டும் உண்மை வெளிப்பட்டுவிடும் என்றும் நாம் எண்ணிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நினைவிற் கொள்வோம். மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் சுண்ணாம்புக் கல்லின் வழியே கிணறுகளிற் கலந்தது என்று மக்கள் முறையிட்டபோது, அதே கிணறுகளைப் பற்றி வெவ்வேறு அறிக்கைகள் வெவ்வேறு முடிவு கூறின. எதை நம்புவது என்று அறியாமல் மக்கள் கலங்கினர். இறுதியில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் கம்பெனி இரண்டு கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. தமிழ் மக்களின் கிணறுகளுக்காக அந்த வழக்கைத் தொடுத்தவர் சிங்களச் சூழலியலாளர் ஒருவர் என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நிலத்தடி நீர் இனம் பார்த்து ஓடுவதில்லை. அதனைக் காக்கும் போராட்டமும் இனம் பார்த்து நடக்கலாகாது. ஹீல்ஓயாவின் வற்றிய கிணற்றையும் சுன்னாகத்தின் எண்ணெய்க் கிணற்றையும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்களாகப் படிக்கும் கண் நம் எழுத்தாளனுக்கு வேண்டும்.

அறிக்கை என்பதும் ஒரு வகை எழுத்துத்தான். இலக்கணமும் இலக்கியமும் கற்ற நமக்கு அதனை வாசிக்கும் பொறுப்பு உண்டு. ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு காணப்படவில்லை’ என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிடத்தக்கது எது என்று முடிவு செய்தவர் யார்? காணப்படவில்லை என்றால், தேடியும் காணவில்லையா, தேடவே இல்லையா? எத்தனை கிணறுகள், எந்த மாதம், மழைக்கு முன்னா பின்னா? எந்தப் பொருளைத் தேடினார்கள், எதனைத் தேடாமல் விட்டார்கள்? எழுவாய் இல்லாத செயப்பாட்டு வினைகளுக்குள் பொறுப்பு எவ்வாறு ஒளிந்துகொள்கிறது என்பதை வகுப்பறையில் மாணவனுக்குக் காட்டலாம். செய்யுளுக்குப் பதவுரை எழுதப் பழகிய மாணவன் நீர்ச் சோதனை அறிக்கைக்கும் பதவுரை எழுதப் பழகட்டும். தமிழ்க் கல்வி அவனுக்கு அளிக்கும் ஆயுதம் அது.

இவ்வாறெல்லாம் பேசினால் இலக்கியம் ஆய்வுகூடமாகிவிடும், கலையழகு கெட்டுவிடும் என்று தூய கலைவாதிகள் கூறுவர். இலீற்றரும் மில்லிகிராமும் நிறைந்த கதையை யாரும் வேண்டவில்லை. மருத்துவ நூல் எழுதும்படி எழுத்தாளனை நாம் கேட்கவுமில்லை. நாம் கேட்பது ஒன்றே: தான் எழுதும் பொருளை அவன் அறிந்திருக்க வேண்டும். கொழுந்தின் தரத்தை அறியாமல் கொழுந்து மலையை எழுத முடியாது என்று ஒப்புக்கொள்ளுகிறோம் அல்லவா? பெரட்டுக்கு எத்தனை மணிக்குத் தப்படிப்பார்கள் என்று தெரியாதவன் தோட்டத்துக் கதை எழுதினால் சிரிக்கிறோம் அல்லவா? அவ்வண்ணமே, பீலியில் விழும் நீர் எங்கிருந்து வருகிறது, எதனைச் சுமந்து வருகிறது என்று அறியாமல் பீலியை எழுதுவதும் சிரிப்புக்குரியதே. அறிவு கலையைக் கெடுத்ததில்லை. அறியாமையை அழகென்று காட்டும் பழக்கமே கலையைக் கெடுத்தது.

செய்யக்கூடியவை பலவுண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் நீரைச் சோதிக்கக் கோரலாம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு ஆய்வுகூடங்கள் உண்டு. நுண்ணுயிர்ச் சோதனைக்குரிய நீரைக் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, குளிரூட்டி, சில மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும்; சோடாப் போத்தலில் எடுத்து மறுநாள் கொண்டுசெல்லும் நீர் பொய் சொல்லும். 1982இல் இந்திய விஞ்ஞானிகள் மூவர் வெளியிட்ட எளிய முறை ஒன்றுமுண்டு. மருந்தூட்டிய தாள் இட்ட சிறு போத்தலில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக் கலப்புள்ள நீர் பெரும்பாலும் கறுத்துவிடும். அது ஆய்வுகூடத்துக்கு ஈடாகாது. ஆனால் எந்தப் பீலியை முதலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டும். பாடசாலையின் விஞ்ஞான அறையில் இதனைச் செய்துவிடலாம். கறுத்த போத்தலைக் கண்ணால் கண்ட பிள்ளை பளிங்கு நீர் என்று இனி எழுதாது.

சோதனையின் முடிவு நிர்வாகத்தின் கோவைக்குள் உறங்கலாகாது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பொது அதிகாரசபையொன்றின் கையிலுள்ள நீர்ச் சோதனை முடிவைக் குடிமகன் எவரும் எழுதிக் கேட்கலாம், தமிழில் கேட்கலாம், தமிழில் பெறலாம். ஒவ்வொரு லயத்துப் பீலியருகிலும் ஒரு பலகை வேண்டும். சோதித்த நாள், கண்ட அளவு, இருக்க வேண்டிய அளவு, அடுத்த சோதனையின் நாள் ஆகிய நான்கு வரிகள் அதில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். சம்பளத்துக்காகவும் நாட்கூலிக்காகவும் போராடும் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் இந்தப் பலகையையும் சேர்த்துக்கொள்ளட்டும். நீரும் துப்புரவும் மனித உரிமையென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28ஆம் நாள் தீர்மானித்தது. அத்தீர்மானம் லயத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதை அப்பலகை காட்டிக்கொடுக்கும்.

எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவதும் இதிலிருந்து வேறன்று. மலையகத்தின் துயரத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக எழுதி வருகிறோம். அந்த எழுத்தே இம்மக்களை உலகின் கண்முன் நிறுத்திற்று. இனி அத்துயரத்தின் கணக்கையும் எழுத வேண்டும். எந்த ஊற்று, எந்தக் குழி, எந்தத் தொட்டி, எந்தக் கையொப்பம் என்று பெயர் சொல்லி எழுதும் கதை வரட்டும். அடுப்படியில் தண்ணீர் கொதிக்கக் காத்து உறக்கம் இழக்கும் பெண்ணின் ஓர் இரவை முழுவதுமாக எழுதும் நாவல் வரட்டும். வற்றிய கிணற்றுக்குச் சாட்சி சொல்ல அலுவலகப் படியேறிய சிங்கள விவசாயியையும், சாட்சி சொல்லக் கிணறே சொந்தமில்லாத தமிழ்த் தொழிலாளியையும் ஒரே வாங்கில் அமர்த்திப் பேசவைக்கும் நாடகம் வரட்டும். அத்தகைய எழுத்தை வரவேற்கவும், பிழை கண்டவிடத்து அதனோடு வாதாடவும் விமர்சகர்களாகிய நாம் கடமைப்பட்டுள்ளோம்.